ரப்பர் வைத்து அழித்த இடம்

கோபத்தில்தான் அந்த நாவலை எழுத ஆரம்பித்தேன். கணக்கு நடத்துகிற ஓர் ஆசிரியை, அவள் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி, அந்தச் சிறுமியின் அம்மா. மூன்றே பேர். ஆசிரியையை எங்கிருந்து எடுத்தேன் என்று யோசிக்கவே வேண்டாம், பதினான்கு வருடமாக நான் பார்க்கும் வேலைதான் அது. அம்மாவையும் நேரில் பார்த்த ஒருவரை வைத்தே எழுதினேன். இரண்டு அத்தியாயங்கள் மளமளவென்று வந்தன. மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. அந்த அம்மாவைச் சண்டை போட வைக்க எனக்குத் தெரிந்தது. பிள்ளை தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவள் என்ன செய்வாள் என்பது தெரியவில்லை.

நிஜத்தில் அந்த அம்மாவுக்கும் எனக்கும் சண்டை தொடங்கியது அரை மதிப்பெண்ணில். ஒரு செவ்வகத்தின் பரப்பளவைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, ‘சதுர சென்டிமீட்டர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் ‘சென்டிமீட்டர்’ என்று எழுதியிருந்தாள் சிறுமி. அரை மதிப்பெண் குறைத்தேன். நீளத்துக்கும் பரப்புக்கும் உள்ள வித்தியாசம் அவள் மனதில் இன்னும் உட்காரவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அன்று இரவு பதினொரு மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்த விடைத்தாளின் படம் வந்தது. “விடை சரியாத்தானே இருக்கு மிஸ், ஏன் குறைச்சீங்க?” நான் பதில் தட்டுவதற்குள் இன்னும் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். “அரை மார்க்தானே டீச்சர், போட்டுக் குடுத்துடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த நாளுக்குப் பிறகு நோட்டுத் திருத்தும் என் கை மாறிவிட்டது. தப்பான படியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ‘இங்கே என்ன நடந்தது?’ என்று எழுதுவது என் பழக்கம். அதை நிறுத்தினேன். வீட்டில் யாராவது படம் எடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் யோசித்தேன். ஒரு டிக், கீழே ‘நன்று’. நாற்பது நோட்டுகளும் சீக்கிரம் முடிந்தன.

நாவலுக்காகத் தேடித் தேடிப் படித்த காலத்தில், பிள்ளையின் தலைக்கு மேலேயே வட்டமிடும் பெற்றோரை ஹெலிகாப்டரோடு ஒப்பிடுவது புதுப் பழக்கம் அல்ல என்று தெரிந்துகொண்டேன். உளவியலாளர் ஹைம் கினாட் 1969-இல் எழுதியதிலேயே, தன் அம்மா ஹெலிகாப்டர் மாதிரி மேலே சுற்றுவதாக ஒரு வளரிளம் பிள்ளை சொல்வது வருகிறது. ஃபாஸ்டர் க்ளைனும் ஜிம் ஃபேயும் 1990-இல் அதைப் பெற்றோர் வகைக்கான பெயராகவே ஆக்கினார்கள்.

தென் கொரியச் செய்திகளைத்தான் என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. 2023 ஜூலையில் சியோலில் ஓர் இளம் தொடக்கப்பள்ளி ஆசிரியை தன் பள்ளியிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரின் புகார்கள் அவரை அலைக்கழித்தன என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். பெற்றோர் மீது குற்றம் எதுவும் தெரியவில்லை என்று பின்னர் காவல்துறை விசாரணையை முடித்தது. ஆனால் அதற்குள் வாரா வாரம் சனிக்கிழமைகளில் கறுப்பு உடையில் ஆசிரியர்கள் தெருவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அவர் இறந்த 49-ஆவது நாளான செப்டம்பர் 4 அன்று பலர் விடுப்பு எடுத்துக்கொண்டு திரண்டார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையைக் கண்டித்தாலே குழந்தை வதை என்று புகார் பாயும் நிலைமைதான் அவர்களை அப்படி வெளியே கொண்டுவந்தது. முறையான கண்டிப்பை வதையாகக் கொள்ளக் கூடாது என்று அந்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது. படிக்கும்போது என் ‘நன்று’கள் ஞாபகத்துக்கு வந்தன. பயந்துபோன ஆசிரியரால் பிள்ளையைப் பார்க்க முடியாது. அவர் கண் முழுக்க பிள்ளைக்குப் பின்னால் நிற்பவர் மேல்தான் இருக்கும்.

பெற்றோர் பள்ளிக்குள் வரவே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். ஒரு பிள்ளையை வகுப்பு முழுக்கப் பார்க்க அவமானப்படுத்திய ஆசிரியரையும் பார்த்திருக்கிறேன். அன்று ஓர் அப்பா வந்து குரல் உயர்த்தியிருக்காவிட்டால் அந்தப் பிள்ளை படிப்பையே விட்டிருப்பான். நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம்.

மறுபடி அந்த அம்மா வந்தது முழுக்கள் பாடத் தேர்வுக்குப் பிறகு. நாற்பதுக்குப் பதினான்கு. மகளும் கூட வந்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லா விடைத்தாள்களும் தேதிவாரியாக இருந்தன. மதிப்பெண் குறைந்த ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்பு. “வீட்டுல எல்லாம் கரெக்டா போடறா மிஸ். இங்க மட்டும் எப்படித் தப்பாகும்?” குரல் கேட்டு ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுப்பாட நோட்டைக் கேட்டு வாங்கினேன். பத்துக்குப் பத்து. அடுத்த பக்கமும் பத்துக்குப் பத்து. ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். 3 − (−5) என்ற கணக்குக்கு எதிரே 8. அந்த 8-க்கு அடியில் தாள் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. அழுத்தி எழுதும் பிள்ளை அவள், ரப்பர் போட்டுத் தேய்த்தாலும் பள்ளம் போகாது. விரலால் தடவினால்கூடத் தெரிந்தது: −2.

அம்மா அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில், “தப்போட அனுப்பினா நீங்க இவள மட்டமா நினைச்சிடுவீங்களோன்னு பயம் மிஸ்” என்றார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்தப் பஞ்சு பிரிந்த தாளை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன் என்பதில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே பார்த்திருந்தேன். பள்ளத்தையும் பார்த்தேன். கேட்டால் மறுபடி ரகளையாகும் என்று நினைத்து, டிக் போட்டு ‘நன்று’ எழுதி நோட்டை மூடிவிட்டேன். அம்மா அழிக்கச் சொன்ன தவறை நான் டிக் போட்டு மறைத்தேன். இரண்டு பெரியவர்கள் இரண்டு பக்கமும் நின்று, அந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்பதை யாருக்கும் தெரியாமல் ஆக்கிவிட்டோம்.

டொனால்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1953-இல் வெளியான ஒரு கட்டுரையில் ‘போதிய அளவு நல்ல தாய்’ என்பவளைப் பற்றிப் பேசுகிறார். கைக்குழந்தையின் தேவைக்கெல்லாம் தாய் ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கிறாள். ஏமாற்றத்தைத் தாங்கும் வலு குழந்தைக்கு வர வர, அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தளர்த்துகிறாள். அவர் சொன்னது தாயைப் பற்றி. எனக்கு வீட்டுப்பாடத்தின் ஞாபகம் வந்தது. ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதில்தான் கஷ்டம் எல்லாம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வைத்த அம்மாவுக்கு, எந்த நாளில் எழுந்து போகலாம் என்று யார் சொல்வது? நாங்கள் சொன்னதில்லை. ‘வீட்டில் கவனியுங்கள்’ என்று டைரியில் எழுதி அனுப்பியதெல்லாம் நாங்கள்தான்.

அன்று அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “ஒரு வாரம் அழிக்காம அனுப்புங்கம்மா. மார்க் போட மாட்டேன்.” தலையாட்டினார், நம்பிக்கை இல்லாமல்தான்.

நான்காம் நாள் நோட்டு வந்தது. பத்துக் கணக்கில் ஏழு தப்பு. 7 − (−2) = 5. 4 − (−6) = −2. ஏழும் ஒரே தவறு. அடைப்புக்குறி இல்லாத மூன்றும் சரி. சிறுமியைக் கூப்பிட்டு எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். “ரெண்டு மைனஸ் பக்கத்துல பக்கத்துல வந்தா, ஒண்ணு போதும்னு இன்னொண்ண விட்டுட்டேன் மிஸ்” என்றாள். எத்தனை மாதமாக அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. எண்கோடு வரைந்து விளக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இப்போது அதில் சண்டை இல்லை. இரவு. பிள்ளை தூங்கிவிட்டாள். மேசையில் நோட்டு திறந்தபடி இருக்கிறது. ரப்பர் அம்மாவின் கையில் இருக்கிறது.