ஆரையம்பதி வீடு: பங்குனி முதல் ஆடி வரை

2025 மார்ச் 8

ஆரையம்பதியில் வீடு கட்டித் தரச் சொல்லி எங்கள் கட்டடக்கலை ஸ்டூடியோவுக்கு வருகிற பள்ளிக்கூட ரீச்சர் இன்று திரும்பவும் வந்தார். ஃபோன் நிறையக் காரைக்குடி வீட்டுப் படங்கள். "இந்தத் தூண் மாதிரி முன்னுக்கு நாலு வைச்சுத் தாங்க புள்ள, மத்ததெல்லாம் உங்கட விருப்பம்" என்றார். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்று சொல்பவர்கள்தான் கடைசியில் கதவுக் கொண்டி வரைக்கும் சண்டை பிடிப்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

காணி ஆரையம்பதியில், 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவருக்கு அடுத்த தைக்குப் பிறகு கல்யாணம். மட்டக்களப்புப் பக்கம் வீடு மகளுக்குத்தான். மருமகன் வந்து குடியேறுவார். தாய் தகப்பன் அதே வளவுக்குள் சின்ன வீடு ஒன்றுக்கு ஒதுங்குவார்கள், பிறகு இளையவளுக்கு இன்னொரு வீடு எழும்பும். ஒரு வளவுக்குள் மூன்று அடுப்பு. முதலில் வரைய வேண்டியது இதை. தூண் அப்புறம்.

மார்ச் 13

புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு அலமாரியைத் திறந்து காட்டினேன். காலி, யாழ்ப்பாணம், கொச்சி, மதுரை என்று ஊர்ப் பெயர் எழுதிய கொப்பிகள். உள்ளே படம் கொஞ்சம், அளவு நிறைய: படி எவ்வளவு உயரம், திண்ணை எவ்வளவு அகலம், தாழ்வாரம் சுவரை விட்டு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, பின்னேரம் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது. "இதெல்லாம் கூகுளில் கிடைக்காதா அக்கா?" என்று கேட்டான். படம் கிடைக்கும். தாழ்வாரத்தின் ஆழம் கிடைக்காது. பழைய ஊருக்குப் போனால் முதலில் டேப், பிறகுதான் கமெரா என்பது எங்கள் ஸ்டூடியோவின் ஒரே சட்டம்.

காலி நகரக் கொப்பியில் எனக்குப் பிடித்தது வடிகால் பக்கம். கோட்டைக்குள் போகிறவர்கள் விறாந்தையையும் ஓட்டுக் கூரையையும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அந்தத் தெருக்களுக்கு அடியில் வடிகால் போட்டு, அதைக் கடல் தண்ணீரைக் கொண்டே கழுவ வழி செய்திருந்தார்கள். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊரின் பாதி கெட்டித்தனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மதுரைக் கொப்பி வேறு கதை. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிகின்றன. அங்கே தெருவின் அகலம் தேரைக் கேட்க வேண்டும். காத்தான்குடியில் ஒரு சந்தைக் கட்டடம் வரைந்தபோது அந்தக் கொப்பியைத்தான் எடுத்து வைத்துக்கொண்டோம்.

மார்ச் 25, கானாடுகாத்தான்

ரீச்சர் காட்டின மாதிரி வீடுகளை நேரில் பார்க்கச் செட்டிநாட்டுக்கு வந்தோம். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகபட்டினம், அங்கிருந்து பஸ். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பழைய செட்டியார் வீடு ஒன்றுக்குள் காலை வைத்ததும் வெயில் வெளியே நின்றுவிட்டது. தெருவில் இருந்து பார்த்தால் வாசல், முகப்பு, முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரே கோட்டில் போய்ப் பின்தெருக் கதவு தெரிகிறது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. சுவரைத் தொட்டால் குளிர். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய், பனைவெல்லம், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. நம் பக்கத்துக்கும் சுண்ணாம்பு புதிதில்லை, கடல் முருகைக்கல்லை (பவளப்பாறையை) சுட்டு எடுத்தார்கள். கரையோரத்தில் முருகைக்கல் அகழ இப்போது தடை. சரியான தடைதான்.

ரீச்சர் கேட்ட தூணையும் பார்த்தேன். பர்மாத் தேக்கு, கட்டிப்பிடித்தால் கை எட்டவில்லை. செட்டியார்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று வியாபாரத்துக்குப் போய்ச் சம்பாதித்த காசு வீடாக நிற்கிறது. மரம் பர்மாவில் இருந்து, சலவைக்கல் இத்தாலியில் இருந்து. ஊர் ஊராய்ப் போனவர்கள் கட்டிய வீட்டைப் பார்க்க நாங்களும் கடல் தாண்டி வந்திருக்கிறோம்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்கு முன்னால். கல்யாணம் கட்டிய ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கூரை ஒன்று, முற்றம் ஒன்று, ஆனால் சமையல் தனித்தனி. சண்டை வராமல் இருக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! அங்கே மகன் என்று இருக்கும் இடத்தில் மகள் என்று போட்டால் ஆரையம்பதி. கொப்பியில் தூணின் சுற்றளவை எழுதாமல், அறைக் கதவில் இருந்து அடுப்பு வரை உள்ள தூரத்தை எழுதிக்கொண்டேன்.

மார்ச் 26, ஆத்தங்குடி

தரைக்கல் வார்க்கும் கொட்டகை. ஒரு சதுரக் கண்ணாடித் தகடு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூவடிவ அச்சு. நிறம் கலந்த சீமெந்துக் குழம்பைச் சின்ன அகப்பையால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார் ஓர் அம்மா. பச்சை தளும்பிச் சிவப்போடு சேரும் என்று பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டும் தாண்டவில்லை. அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சீமெந்தும் தூவி, அதற்கு மேல் சாந்து. காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவிடுகிறது. பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுத்தது. சூளையும் இல்லை, பொலிஷ் மெஷினும் இல்லை.

தம்பி உடனே "கொஞ்சம் வாங்கிக்கொண்டு போவோமா?" என்றான். கப்பல் கூலி, சுங்கம், உடைவு எல்லாம் கணக்குப் பார்த்தால் கட்டாது. வேலை முறையை எழுதிக்கொள் என்றேன். ஏறாவூரிலோ களுவாஞ்சிக்குடியிலோ சீமெந்துக்கல் வார்க்கிற ஒருவருக்கு இதைக் காட்டலாம்.

ஏப்ரல் 6

வரையத் தொடங்கியதும் முற்றம் இடிக்கிறது. செட்டிநாட்டு முற்றம் காய்ந்த ஊருக்கானது. மழை வந்தால் வரவேற்று வாங்கிக்கொள்ளும். நமக்குக் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை சரிந்து அடிக்கும். நடுவில் சதுரமாகத் திறந்துவிட்டால் சாமியறை வரை நனையும். ஆனி, ஆடியில் மேற்கில் இருந்து கச்சான் காற்று, அடுப்படி வாசலில் நிற்பது மாதிரிச் சூடு. நல்ல காற்று கடலில் இருந்து கிழக்கால் வருவது.

அதனால் முற்றத்தை ஒடுக்கிக் கிழக்கு மேற்காக நீட்டினோம். கிழக்குப் பக்கம் கிராதி மட்டும். மேற்கில் குளியலறையும் களஞ்சிய அறையும், வெயிலும் கச்சானும் அதில் மோதிக்கொள்ளட்டும். வடக்கில் தாழ்வாரம் ஐந்து அடி, தெற்கில் மூன்று.

பின்னேரம் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக் கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள், பிறகு நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம். எத்தனை தரம் அலுவலாகப் போயிருக்கிறோம், ஆனால் ஜன்னலின் ஆழத்தை இன்றுதான் அளந்தோம். சுவர் தடிப்பாக இருப்பதால் ஜன்னலுக்கு மேல் தனியாக நிழல்தட்டு தேவைப்படவில்லை. மேற்குச் சுவருக்கு இது நல்ல யோசனை. அந்த ஒரு சுவரை மட்டும் இரட்டைச் சுவராக எழுப்பலாம்.

ஏப்ரல் 19

வருஷப்பிறப்பு லீவு முடிந்து முதல் நாள். ரீச்சர் ஓட்டுக் கூரை வேண்டவே வேண்டாம் என்கிறார். 1978 நவம்பர் சூறாவளியில் அவருடைய தாய் வீட்டு ஓடு முழுவதும் பறந்தது. 2004இல் கடல் வந்தபோது ஸ்லாப் போட்ட மாடியில் ஏறினவர்கள் தப்பினார்கள். இந்தக் கரையில் ஸ்லாப்பை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பேசி முடித்தது இப்படி: நடு அறைகளுக்கும் படிக்கும் மேல் ஸ்லாப், முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கு மட்டும் நாட்டு ஓடு. ஓட்டுக்கு அடியில் சீமெந்துச் சீட், கட்டடக்கலைஞர் பாவாவும் அவருடைய கூட்டாளிகளும் செய்த முறை.

ஜெஃப்ரி பாவா இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கித் தங்கிவிட நினைத்தவர். அது சரிவராமல் திரும்பி வந்து 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர்த் தோட்டத்தை வாங்கினார், அதுதான் லுணுகங்கை. இத்தாலிய நினைப்போடு வந்தவர் கட்டியதை யாரும் இத்தாலி என்று சொல்வதில்லை. இப்போது கரையோர ஹோட்டல்கள் பல பாவா பாணி என்று ஒரு வெள்ளைச் சுவரையும் கறுப்பு மரச் சட்டத்தையும் வைக்கின்றன. உள்ளே போனால் ஏ.சி. இல்லாமல் பத்து நிமிடம் இருக்க முடியாது.

மே 10

கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்துக்கு, குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்த பிறகுதான் வரைந்தார். 1950களில்! நாங்களும் ரீச்சர் வீட்டுக்கு ஒன்று அனுப்பினோம். விறகடுப்பு வேண்டுமா, விரதச் சமையல் எங்கே, நெல்மூட்டை எத்தனை, இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவீர்கள். மூத்த மகள் ஒழுங்காக நிரப்பினார். இளையவள் டோஹாவில் இருந்து சமையலறை பற்றி வட்ஸ்அப்பில் ஒரு வரி: "அக்காட குசினி என்ட ஜன்னலுக்கு நேரே வரக் கூடாது." அந்த ஒரு வரிக்காக பிளானைக் கிறுக்கிக் கிழித்துத் திரும்ப வரைந்தோம். இப்போது மூன்று குசினியும் மூன்று திசை பார்க்கின்றன, கிணற்றடி மட்டும் பொது.

ஜூன் 11

கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு. மேசன்மார் ஒருவரும் இல்லை, ஊரே கோயிலில். அத்திவாரக் கோடு போட்ட காணியில் நானும் தம்பியும் மட்டும் நான்கு கம்பு நட்டு, கிடுகு கட்டி, மேற்குச் சுவரின் உயரத்துக்கு மறைத்துப் பார்த்தோம். மத்தியானம் கச்சான் அடிக்கத் தொடங்கியதும் மறைவுக்கு இந்தப் பக்கம் நிற்க முடிகிறது, அந்தப் பக்கம் கண் எரிகிறது. சுவரை இன்னும் ஓரடி நீட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 20

மரவேலை செய்கிற ஓடாவியார் தூண் விஷயத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். பழைய வீடு ஒன்றை உடைத்த இடத்தில் முதிரை மரத் தூண் இரண்டு கிடந்ததாம். நான்கு இல்லை, இரண்டுதான். தடிப்பும் காரைக்குடியில் பாதி வராது. ரீச்சரைக் கூட்டிப்போய்க் காட்டினோம். தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "வாசலுக்கு வைச்சா மழைக்கு உளுத்துப் போகும் புள்ள, முற்றத்துக்குள்ள வைங்க" என்றார்.

மேசன் இன்று இன்னொரு பிரச்சினை கொண்டுவந்தார். வெள்ளம் வந்தால் என்று வீட்டு அடித்தளத்தை இரண்டரை அடி உயர்த்தியிருக்கிறோம்; ஏற ஐந்து படி. அவருக்கு நாலு படி போதுமாம். காலிக் கொப்பியையும் புளியந்தீவுக் கொப்பியையும் எடுத்துக் காட்டி, ஆறு அங்குலத்துக்கு மேல் படி கூடாது, ரீச்சருக்கு முழங்கால் வருத்தம் என்றேன். "சரி மிஸ், ஐஞ்சே போடுவம், ஆனா மேல்படிய அகலமா விடுங்க, இருந்து கதைக்கலாம்" என்றார். விட்டாயிற்று.