விண்வெளி நிலையத்தில் ஒரு பரங்கிப்பேட்டைப் பெயர்

உயிர் உர லேபில் வேலை பார்ப்பதால் மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா எனக்கு நல்ல பழக்கம். தட்டில் பூசினால் உடனே முகம் காட்டாது. மூன்று, நான்கு நாள் காக்க வைத்துவிட்டு, குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வரும். வறட்சிக்குத் தெளிக்க விவசாயிகள் வாங்கிப் போகும் பிபிஎஃப்எம் பாட்டிலில் இருப்பதும் இந்தக் குடும்பம்தான்.

இதன் உறவுக்காரர் ஒருவர் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் குடியிருக்கிறார்! வீரர்கள் சாப்பிடும் மேசை, குபோலா ஜன்னல் பகுதி, மேலே ஒரு பலகை என மூன்று இடங்களில் துடைத்தெடுத்த மாதிரிகளில் வளர்ந்திருக்கிறது. பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பார்க்கும் 16எஸ் மரபணுவை மட்டும் பார்த்தால், நெல் விதையில் கிடைத்த மெத்திலோபாக்டீரியம் இண்டிகம் மாதிரியேதான் தெரியும். முழு ஜீனோமையும், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பையும், வரிசைப்படுத்தி ஒப்பிட்டபோதுதான் ஒற்றுமை 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் தனி இனம்.

2021-இல் அதற்கு மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி என்று பெயர் வைத்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துப் பேராசிரியர் அஜ்மல் கான் நினைவாக. ஆய்வை முன்னின்று நடத்திய நாசாவின் கஸ்தூரி வெங்கடேஸ்வரனும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். விண்வெளி நிலையத்திலேயே காற்று வடிகட்டியில் கிடைத்த இன்னொரு பாக்டீரியாவுக்கு 2017-இல் கலாம் பெயரைச் சூட்டியதும் இவர் குழுதான்.

அஜ்மலியின் ஜீனோமில் சைட்டோகைனின் என்ற செடி வளர்ச்சி ஹார்மோன் தயாரிப்போடு தொடர்புள்ள மரபணு இருக்கிறதாம். விண்வெளியில் செடி வளர்க்க உதவலாம் என்கிறார்கள். சரி, ஆனால் தொட்டியில் வைத்து வேர் நீளத்தை அளந்து காட்டும்வரை நான் கைதட்டமாட்டேன்.