196 ஹெர்ட்ஸில் நின்ற மேடு

ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் கச்சேரிப் பதிவை மிக்ஸிங் செய்துகொண்டிருந்தபோது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் 196 ஹெர்ட்ஸிலும் 392 ஹெர்ட்ஸிலும் இரண்டு மேடுகள் செங்குத்தாக எழுந்து நின்றன. 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒலி குவிந்தால் பாட்டு மந்தமாகிவிடும் என்ற பொதுப் பாடத்தை நம்பி, ஈக்வலைசரில் அவ்விரு இடங்களையும் 4 டெசிபல் குறைத்தேன். கோடு சமமாயிற்று; ஆனால் தம்புரா அடங்கிப்போனது, பாடகி ஷட்ஜத்தில் வந்து நின்ற கார்வையில் இருந்த நிறைவும் போய்விட்டது.

நான் வெட்டியது சுருதியையே. ஐந்து கட்டைக்கு மத்திய ஷட்ஜம் 196, தார ஷட்ஜம் 392. குரல், தம்புரா, வயலின், மிருதங்கத்தின் வலந்தலை ஆகிய நான்கும் அந்த ஒரே ஷட்ஜத்துக்குச் சேர்க்கப்பட்டவை. தோல் வாத்தியமாயினும் மிருதங்கத்தின் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) வலந்தலையின் நடுவிலுள்ள கருப்புப் பூச்சான கரணையின் எடையால் ஏறத்தாழ அடிப்படையின் முழுமடங்குகளாக ஒழுங்குபடுகின்றன என்பதை சி. வி. ராமனும் சிவகாலி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சினிமாப் பாட்டில் கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரத்தொகுதிகள்) மாறிக்கொண்டே இருப்பதால் சராசரிக் கோடு பரவலாகிவிடும். ஆதார சுருதி அசையாத கச்சேரியிலோ மேடுகள் எழுந்தே தீரும்.

ஆகவே இப்போது 98, 147, 196, 294, 392, 588 என்று சுருதிக்குரிய ஷட்ஜ, பஞ்சம இடங்களை முதலில் தாளில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு வெளியே எழுவதை மட்டுமே சந்தேகிக்கிறேன். அதே பதிவில் அப்படி ஒன்று 118 ஹெர்ட்ஸில் இருந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி (அழுத்தி நாதத்தை வழுக்கவைக்கும் அடி) கொடுக்கும்போது மற்ற கோடுகள் நாதத்தோடு வழுக்கி நகர, இது மட்டும் நகராமல், அடி ஓய்ந்த பின்னும் வடியாமல் நின்றது. அது வாத்தியத்தின் ஒலி அன்று, மண்டபத்தின் அதிர்வு. அங்கே குறுகலாக 5 டெசிபல் குறைத்ததும் சொற்கட்டுகள் தனித்தனியே கேட்கத் தொடங்கின.

இதைக் காண அனலைசரின் எஃப்.எஃப்.டி. அளவை, அதாவது ஒரு கணிப்புக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, கூட்ட வேண்டியிருந்தது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் 4,096 என்று வைத்தால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 10.8 ஹெர்ட்ஸ் இடைவெளி விழும்; 16,384 என்று வைத்தால் 2.7 ஆகக் குறையும். ஆனால் ஒவ்வொரு கணிப்பும் 0.37 விநாடி ஒலியை விழுங்குவதால் வேகமான சொற்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். சுருதிக்குப் பெரிய அளவு, நடைக்குச் சிறிய அளவு என மாற்றி மாற்றியே பார்க்கிறேன்.

இன்னொன்று, திரையின் சாய்வு. வொக்ஸெங்கோ ஸ்பான் என்ற அனலைசர் மென்பொருள் தொடக்க அமைப்பிலேயே ஆக்டேவுக்கு 4.5 டெசிபல் சாய்வோடு, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும்தோறும் கோட்டை அவ்வளவு உயர்த்தி, வரைகிறது. கச்சேரிப் பதிவில் அந்தக் கோடு 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியத்தான் செய்யும். அதை நிமிர்த்தப் போனால் வில்லின் உரசலும் சகரங்களின் சீறலும்தான் முன்னே வரும்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள மௌனத்தையும் இப்போது தவறாமல் பார்க்கிறேன். என் சிறிய ஸ்பீக்கரில் கேட்காத மின்சார இரைச்சல் அங்கேதான் 50, 100, 150 ஹெர்ட்ஸில் முளைக்குச்சிகளைப் போல வரிசையாகத் தெரிந்தது.