குறைந்த பட்ஜெட் திரைக்கதைப் போட்டிக்கு எந்த வகைக் கதை? மொய்ப் பணத்தை வைத்து நான் எழுதிய அனுபவம்

போட்டி விதிமுறையில் இரண்டே விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். படம் சில லட்சங்களுக்குள் எடுத்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், திரைக்கதை 90 பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு. என்னிடம் மூன்று கதைகள் இருந்தன. 1980களின் மதுரையில் நடக்கிற ஒரு பழிவாங்கல், பூட்டிக் கிடக்கும் ஒரு லாட்ஜில் பேய், அப்புறம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழா முடிந்த ராத்திரி. எதை அனுப்புவது என்று முடிவெடுக்கத்தான் அதிக நாள் பிடித்தது, எழுதுவதற்கு அவ்வளவு ஆகவில்லை.

அந்த 1980கள் மதுரைக் கதையை, அதாவது பீரியட் கதையை, முதலில் ஒதுக்கி வைத்துவிட்டேன். எனக்குப் பிடித்த கதை அதுதான், ஆனால் தெருவில் கேமராவைத் திருப்புகிற பக்கமெல்லாம் செலவு. அந்தக் காலத்துப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று எழுதின பஸ் வேண்டும், கடை போர்டு மாற்ற வேண்டும், செல்போன் டவர் தெரியக் கூடாது. இதோடு ஜல்லிக்கட்டுக் காட்சி ஒன்றும் இருந்தது. மாடு வருகிறது என்றாலே விலங்குகள் நல வாரியத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும்.

பேய்க்கதைதான் சிக்கனம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2007-இல் வந்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' சுமார் 15,000 டாலரில், இயக்குநரின் சொந்த வீட்டிலேயே எடுக்கப்பட்டது. ஆனால் நாம் அனுப்புவது படத்தை அல்ல, காகிதத்தை. தியேட்டரில் பேய்ப்படத்தின் பாதி வேலையைச் சத்தம் பார்த்துக்கொள்கிறது; அதே காட்சி காகிதத்தில் 'கதவு மெதுவாகத் திறக்கிறது' என்று ஒரு வரியாகக் கிடக்கும். ஒரே நாளில் பத்துக் கதை படிக்கிற நடுவருக்கு அந்த வரியில் ஏன் பயம் வர வேண்டும்? பேய்க்கதை அனுப்பவே கூடாது என்று சொல்லவில்லை. பேய் இல்லாமலே அந்த வீட்டு மனிதர்களுக்குள் ஒரு பிரச்சினை இருந்தால் அனுப்பலாம்.

பயணக் கதையும் யோசித்தேன். இரண்டு பேர், ஒரு பைக், செலவே இல்லை போலத் தோன்றும். ஆனால் நிற்கிற இடமெல்லாம் புது லொகேஷன், யூனிட்டையே கட்டித் தூக்கிக்கொண்டு நகர வேண்டும். நம் மேலூர்ப் பக்கம் எடுத்த 'கூழாங்கல்' படம் வேறு மாதிரி: அப்பாவும் பையனும் வெயிலில் நடக்கிறார்கள், ஒரே நிலம், பகல் வெளிச்சம். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அதில் அந்த வெயிலே ஒரு பாத்திரம், அதற்கு வாடகை கிடையாது. அப்படி ஓர் இடம் கதைக்குள்ளேயே இருந்தால் பயணக் கதையைத் தாராளமாக எழுதலாம், என்னிடம் இல்லை.

ஆக மிஞ்சியது மொய்க் கதை. விழா முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மொய்தான், பெயர், ஊர், தொகை தட்டினால் ரசீது வந்துவிடும், கடைசியில் மொத்தக் கணக்கும் கையில். ரசீதுக் கணக்கைவிடப் பையில் ஒரு லட்சம் குறைகிறது. வீட்டுக்குள் ஏழு பேர், விடிந்ததும் பந்தல்காரரும் சமையல்காரரும் பணத்துக்கு வந்து நிற்பார்கள். சஸ்பென்ஸ், ஆனால் அடியில் குடும்பக் கதை. தாய்மாமன் எவ்வளவு சீர் செய்தான், யார் வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யவில்லை என்று ஒவ்வொரு சந்தேகத்துக்குப் பின்னாலும் ஒரு பழைய கணக்கு கிளம்பும். படிக்கிறவர் பக்கத்தைத் திருப்ப இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல் வரைவை மதுரையில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிற அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சி ஓரத்திலும் உள்ளே, வெளியே, பகல், இரவு என்று குறித்துக்கொண்டே வந்தார். 'மண்டபத்தில் கூட்டம் அலைமோதுகிறது' என்ற வரியில் பேனா நின்றது.

"எத்தனை பேரு தம்பி?"

"ஒரு இருநூறு பேர் இருந்தா நல்லா இருக்கும்ண்ணே."

"இருநூறு பேருக்குச் சம்பளம், வண்டி, ரெண்டு வேளைச் சாப்பாடு. நீ ஒரு வரில எழுதிட்ட. இந்த ஒரு வரிக்கு மிச்சப் படத்தையே எடுத்துரலாம்யா."

அந்தக் காட்சி போய், அதன் இடத்தில் பந்தலில் நாற்காலி அடுக்குகிற சத்தமும், அண்டா கழுவுகிற சத்தமும் வந்தன. விழா ஏற்கெனவே முடிந்துபோன வீடு என்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது. இன்னொன்றும் சொன்னார். இரவுக் காட்சி என்றால் பயப்பட வேண்டாம், வெளியே இரவு என்றால்தான் ஜெனரேட்டர், பெரிய லைட், ராத்திரி பேட்டா. உள்ளே இரவு என்றால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே எடுத்துவிடலாம். அன்று வீட்டுக்கு வந்து, வாசலில் நடந்த சண்டைகளையெல்லாம் வீட்டுக் கூடமான பட்டாசாலைக்குள் மாற்றினேன். கதவைச் சாத்திவிட்டு, ஊருக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போடுகிற சண்டையாகிவிட்டதால் காட்சிகள் இறுகின. செலவு குறைந்தபோது கதை மெலியவில்லை, எனக்கு இதில் கிடைத்த பெரிய தைரியம் அதுதான்.

நகைச்சுவை எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள், செலவும் குறைவு. ஆனால் நடிகரின் முகத்தை நம்பி எழுதாமல் வசனத்திலேயே சிரிப்பு வருகிற மாதிரி இருக்க வேண்டும். காதல் கதை என்றால் பாட்டு இல்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கதை இறுதிப் பட்டியல் வரை போனது. பரிசு இன்னொருவருக்கு. அண்ணன் இப்போது இதையே நாமே எடுத்தால் என்ன என்கிறார், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பழைய வீடும் பார்த்து வைத்திருக்கிறார். பின்பக்கம் கிணற்றடி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், அத்தைக்கும் மருமகளுக்கும் நடக்கிற காட்சி அங்கேதான்.