26 வரிக்கு 27 பக்கம்: கொழுந்துக் கணக்கில் தரவுத்தளம் எழுதுவதை அளந்தது

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவைக் கணக்கைச் சின்னக் கணினியில், எஸ்டி கார்டில் வைத்தால் கார்டில் எவ்வளவு எழுதப்படும்? வரிகளை எண்ணி இதற்கு விடை காண முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் எழுதுவது 8 கேபி பக்கம் பக்கமாக.

சோதனை அட்டவணையில் தொழிலாளி எண், தேதி, கிராமில் எடை என மூன்று பத்தி. ஒவ்வொன்றும் 4 பைட். வரிக்குத் தலைப்பு 24, தரவு 12, 8இன் மடங்காக்க 4, சுட்டி 4: மொத்தம் 44 பைட். பக்கத் தலைப்பு போக மிஞ்சும் 8,168 பைட்டில் 185 வரி அடங்கும். அதனால் 185 பேர், 26 நாள், தேதி வரிசையில் 4,810 வரி ஏற்றியது. நாளுக்குச் சரியாக ஒரு பக்கம். இண்டெக்ஸ் கிடையாது, அந்த அட்டவணைக்கு ஆட்டோவேக்கமும் (பழைய வரிகளைத் தானாகத் துப்புரவாக்கும் வேலை) நிறுத்தம்.

அளக்குமுன் அட்டவணை முழுவதையும் ஒருமுறை வாசித்து, பிறகு செக்பாயிண்ட் (நினைவகத்தில் மாறிய பக்கங்களைக் கோப்பில் எழுதவைக்கும் கட்டளை) கொடுக்க வேண்டும். ஏற்றிய பின் நடக்கும் முதல் வாசிப்பே, வரி கமிட் ஆனது (உறுதியாகிவிட்டது) என்ற குறியை இட்டுப் பக்கத்தை மாற்றிவிடும். இந்தப் படியைத் தவறவிட்டால் வெறும் வாசிப்பின் (செலக்ட்) எழுத்தும் திருத்தத்தின் (அப்டேட்) கணக்கில் சேர்ந்துவிடும்.

இனி ஒரே தொழிலாளியின் 26 நாள் எடையையும் திருத்துங்கள். போஸ்ட்கிரெஸ் பழைய வரியின் மேல் எழுதாது, புதிய வரியொன்றைச் சேர்த்துப் பழையதில் குறி இடும். செக்பாயிண்டில் எழுதிய பக்கங்களின் எண்ணியை உடனே பார்த்தால் அசைந்திருக்காது. மாறிய பக்கங்கள் இன்னும் நினைவகத்திலேயே நிற்கின்றன. செக்பாயிண்ட் கொடுத்ததும் 27ஐ ஒட்டி ஏறும்: பழைய வரிகள் கிடந்த 26 பக்கம், அங்கே இடமில்லாததால் புதிய வரிகள் போய்ச் சேர்ந்த ஒரு பக்கம். 1,040 பைட் (சுட்டி நீங்கலாக 26 × 40) மாற்றத்துக்கு 216 கேபி! ஒரு நாளின் 185 வரியைப் புதிதாகச் சேர்த்தாலோ ஒரே பக்கம்தான். செக்ரோல் (தொழிலாளர் நாட்கணக்குப் பதிவேடு) திருத்தங்களை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் அன்றன்றே முடிப்பது கார்டுக்கும் நல்லது.

பதிப்பு 17 முதல் இந்த எண் பிஜி_ஸ்டாட்_செக்பாயிண்டரில், பஃபர்ஸ்_ரிட்டன் என்ற பத்தியில் இருக்கிறது. 16 வரை பிஜி_ஸ்டாட்_பிஜிரைட்டரில், பஃபர்ஸ்_செக்பாயிண்ட். பிகின் போட்டு ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு அதற்குள்ளேயே மறுபடி மறுபடி வாசிக்காதீர்கள். முதலில் பார்த்த எண்ணே திரும்பத் திரும்ப வரும்.

வால் (WAL) பதிவை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவை, மறந்தால் கணக்கு பாதிதான். செக்பாயிண்டுக்குப் பின் ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது அந்தப் பக்கம் முழுவதும் வாலில் ஏறும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் வால் எதுவரை எழுதப்பட்டது என்று காட்டும் பிஜி_கரண்ட்_வால்_எல்எஸ்என் மதிப்பை எடுத்துக் கழித்தால் ஏறத்தாழ 208 கேபி. செக்பாயிண்ட் இல்லாமல் அடுத்த தொழிலாளியைத் திருத்தினால் சில கேபி மட்டுமே. பக்கங்கள் நிரம்பியிருந்தால்தான் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் பக்க நடுவிலுள்ள வெற்றிடம் வாலில் எழுதப்படுவதில்லை.

செக்பாயிண்ட் இடைவெளியை வழக்கமான 5 நிமிடத்திலிருந்து 15 ஆக்கினால் இந்த முழுப்பக்க எழுத்து குறையும். கரண்ட் போய் வந்தபின் மீண்டெழ நேரம் கூடும். முழுப்பக்கத்தை வாலில் எழுதவைக்கும் ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் அமைப்பை மட்டும் அணைக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 8 கேபி பக்கத்தில் 4 கேபி மட்டும் எழுதியிருக்கும்போது போனால் அந்தப் பக்கத்தைச் சரியாக்க வாலில் உள்ள பிரதி ஒன்றே வழி.

மேலே சொன்ன 27, இயங்குதளத்திடம் ஒப்படைத்த பக்கங்கள். கார்டுக்குப் போனதை லினக்ஸின் டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பில் பாருங்கள்: கார்டின் வரியில் 10ஆவது பத்தி (கார்டின் பெயரையும் சேர்த்து எண்ணினால்), 512 பைட் துண்டுகளாக. ஒரு பக்கம் என்றால் 16 துண்டு. கோப்பு முறைமையின் ஜர்னலும் வாலும் அதில் சேர்ந்தே இருக்கும்.