பணி விலகிய தேதியும் அக்காவின் குடும்ப ஓய்வூதியமும்

என் அக்காவின் கணவர் 2022 ஜூலையில் இறந்தார். அவருடைய பி.எஃப். கணக்கின் வழியே அக்காவுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது, ஒரே ஒரு தேதியைக் காரணம் காட்டி அதை நிராகரித்துவிட்டார்கள். அந்தத் தேதி தவறு என்று நிறுவி ஓய்வூதியத்தைப் பெறுவதற்குள் அடுத்த ஆண்டின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. பெங்களூரின் தொழிற்பேட்டைகளை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதாலும், இதே சிக்கல் அவர்களில் யாருக்கும் வரலாம் என்பதாலும் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மாமா முதலில் ஓசூரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டபோது, உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் செய்ததைப் போலவே பி.எஃப். தொகையையும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்தே எடுத்துவிட்டார். ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அந்த மூன்று ஆண்டுகளும் பின்னாளில் கணக்கில் சேர்ந்திருக்கும். 2014இல் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து ஸ்ரீராமபுரத்தில் குடியேறியவர், இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆகவே அவர் இறந்தபோது பி.எஃப். பதிவேட்டில் இருந்த சேவைக்காலம் எட்டு ஆண்டுகளுக்கும் குறைவு.

பத்து ஆண்டுகள் சேவை இல்லாவிட்டால் ஓய்வூதியமே கிடையாது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உறுப்பினர் தமக்காகப் பெறும் மாத ஓய்வூதியத்துக்கு அது பொருந்தும். குடும்ப ஓய்வூதியத்தின் கணக்கு வேறு. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் 16ஆம் பத்தியின்படி, ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்தால், அவருக்காக ஒரு மாதப் பங்களிப்பு ஓய்வூதிய நிதிக்குச் சென்றிருந்தாலே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. பணியை விட்ட பிறகு 58 வயதுக்கு முன் இறந்தால்தான், அவருக்குப் பத்து ஆண்டுச் சேவை இருந்ததா என்று பார்ப்பார்கள். அதாவது, மாமா இறந்த நாளில் அவர் அந்தத் தொழிற்சாலையின் ஊழியரா, இல்லையா என்பதே அக்காவின் தகுதியைத் தீர்மானித்தது.

அவர் ஊழியர்தான் என்பதில் எங்களுக்கு ஐயமே இருந்ததில்லை. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்ததால் 2021 இறுதியிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருத்துவர் கொடுத்த சான்றிதழின் பேரில் விடுப்பில் இருந்தார். முதல் 91 நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் என்ற கணக்கில் நோய்க்கால உதவித்தொகை வந்தது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளதால், அதற்குப் பிறகு 80 சதவீதம் என்ற கணக்கில் நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை அவர் இறக்கும் மாதம் வரை வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை ராஜினாமாக் கடிதம் கேட்கவுமில்லை, கணக்கை முடிக்கவுமில்லை.

ஆனால் பி.எஃப். இணையதளத்தின் சேவை வரலாற்றுப் பக்கத்தில், 2022 ஜனவரியில் அவர் பணியிலிருந்து விலகியதாகப் பதிவாகியிருந்தது. தொழிற்சாலையின் பி.எஃப். கணக்குகளைப் பார்த்துவந்த கன்சல்டன்ட் செய்த வேலை அது. மாதந்தோறும் ஏற்றும் இ.சி.ஆர். கோப்பில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரி உண்டு; சம்பளம் இல்லாத ஊழியருக்குச் சம்பளத்தைச் சுழி என்று காட்டி, பங்களிப்பு இல்லாத நாள்களுக்கான கட்டத்தில் அந்த மாதத்தின் நாள்களை நிரப்ப வேண்டும். மாதாமாதம் அப்படி ஒரு வெற்று வரியை ஏற்றிக்கொண்டிருப்பானேன் என்று, ‘எக்ஸிட்’ தேதியைத் தட்டிவிட்டு மாமாவின் பெயரையே நீக்கிவிட்டார். இதில் வஞ்சகம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்தக் கட்டத்தில் தொங்குகிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

மரணம் நேர்ந்தால் பி.எஃப். தொகை, ஓய்வூதியம், பி.எஃப். உறுப்பினர்களுக்கான இ.டி.எல்.ஐ. என்னும் ஆயுள் காப்பீடு மூன்றையும் ஒரே கூட்டுப் படிவத்தில் கேட்கலாம். அப்படித்தான் கேட்டோம். பி.எஃப். தொகை வந்து சேர்ந்தது. மற்ற இரண்டும் நிராகரிக்கப்பட்டன. உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறக்கவில்லை, சேவை பத்து ஆண்டுகளுக்குக் குறைவு, ஆகவே ஓய்வூதியப் பங்கை ஒரே தொகையாகப் பெறுவதற்கான 10-சி படிவத்தைத் தரவும் என்று குறிப்பு வந்தது. அலுவலக வாசலில் படிவம் நிரப்பித்தரும் ஒருவர், அவரும் தமிழர்தான், அதைப் படித்துவிட்டு, “வர்றத வாங்கிக்கிட்டுப் போம்மா, இவங்ககிட்ட வாதாடி முடியாது” என்றார். வீட்டிலும் ஓரிருவர் அதையே சொன்னார்கள். அக்கா கடனில் இருந்தார், அந்தத் தொகையும் அவருக்குத் தேவையாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதை வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டால் அந்தக் கணக்கின் ஓய்வூதிய உரிமை அத்தோடு முடிந்துபோகும். அவர் பணியை விட்டவர்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். இந்த அனுபவத்தில் எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது இதுதான் என்று இப்போதும் கருதுகிறேன்.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் தொழிற்சங்கப் பெரியவர். பி.எஃப். அலுவலகத்தில் பி.எஃப். ஆவணங்களையே காட்டிப் பயனில்லை, அவை எல்லாம் அந்தத் தவறான தேதியைத்தான் சொல்லும், இ.எஸ்.ஐ. பக்கம் போங்கள் என்றார். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவையும் எடுத்துக் காட்டினார். நோய்க்கால உதவித்தொகை பெற்றுவரும் ஊழியரை அந்தக் காலத்தில் முதலாளி வேலையிலிருந்து நீக்கக் கூடாது, அப்படி நீக்குவதாக அறிவிப்புக் கொடுத்தாலும் அது செல்லாது என்றது அப்போது நடைமுறையில் இருந்த அந்தப் பிரிவு. மாமா ராஜினாமா செய்யவில்லை. சட்டப்படி அவரை நீக்கவும் முடியாது. அப்படியானால் 2022 ஜனவரியில் அவர் எப்படிப் பணியிலிருந்து விலகியிருக்க முடியும்?

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் அக்காவின் பெயரில் விண்ணப்பம் கொடுத்து, எந்தெந்தத் தேதிகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது என்ற பட்டியலை முத்திரையுடன் வாங்கினோம். அதைவிடப் பெரிய சான்று தொழிற்சாலையின் கணினியிலேயே இருந்தது. இ.எஸ்.ஐ. மாதப் பங்களிப்பை ஏற்றும்போது, வேலை நாள் சுழியாக உள்ள ஊழியருக்கு ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். விடுப்பில் இருப்பவருக்கு ஒரு குறியீடு, வேலையை விட்டவருக்கு வேறொன்று. அதே கன்சல்டன்ட், அதே மாதங்களுக்கு, இ.எஸ்.ஐ.யில் மாமா விடுப்பில் இருப்பதாகவே பதிந்திருந்தார்.

தொழிற்சாலை உரிமையாளர் எங்கள்மீது இரக்கம் உள்ளவராகவே இருந்தார். கன்சல்டன்ட்தான் தேதியைத் திருத்தத் தயங்கினார். விலகிய தேதியை மாற்றினால் விடுபட்ட மாதங்களுக்குப் பங்களிப்பையும், தாமதத்துக்கு அபராதத்தையும் கேட்பார்கள், நிலுவையை நிர்ணயிக்கும் 7-ஏ விசாரணை வரும் என்று உரிமையாளரையும் பயமுறுத்தியிருந்தார். பி.எஃப். பங்களிப்பு என்பது கொடுத்த சம்பளத்தின்மீது கணக்கிடப்படுவது; இ.எஸ்.ஐ. வழங்கிய உதவித்தொகை முதலாளி கொடுத்த சம்பளம் ஆகாது. எனவே அந்த மாதங்களுக்கு நிறுவனம் செலுத்த வேண்டியது எதுவும் இல்லை என்பதைத் தொழிற்சங்கப் பெரியவர் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அதன் பிறகு உரிமையாளர் தம்முடைய லெட்டர்பேடில், ஊழியர் இறக்கும் நாள் வரை தம் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தார், விலகிய தேதி தவறுதலாகப் பதிவு செய்யப்பட்டது என்று எழுதி, வருகைப் பதிவேட்டின் நகல்களையும் இணைத்துக் கொடுத்தார். அக்காவும் அவரும் கையொப்பமிட்ட கூட்டு உறுதிமொழிப் படிவம் அவற்றோடு சென்றது.

அதுவும் திரும்பி வந்தது. இறந்தவரின் விவரத்தைத் திருத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஒரு வரி மட்டும் இருந்தது. எந்த ஆதாரம் போதவில்லை என்பதற்கு விளக்கம் இல்லை. பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் கொடுத்தோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகவும் என்று பதில் எழுதி, குறை தீர்க்கப்பட்டதாக அதை முடித்துவிட்டார்கள். எந்த அலுவலகத்தைப் பற்றிப் புகார் செய்தோமோ அதே அலுவலகத்தை அணுகச் சொல்லும் இந்தப் பதிலைப் பலரும் பெற்றிருப்பார்கள்.

வைப்பு நிதிச் சட்டத்தில் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யும் வழி இருக்கிறது. ஆனால் அது 7-ஏ போன்ற உத்தரவுகளை எதிர்ப்பதற்கானது, பெரும்பாலும் முதலாளிகள் போகும் வழி. ஓய்வூதியம் மறுக்கப்பட்ட ஒரு விதவைக்கு அங்கே நேரடியான இடம் இல்லை. அவருக்கு இருப்பவை குறைதீர்ப்பு, நுகர்வோர் ஆணையம், உயர்நீதிமன்றம். வைப்பு நிதி உறுப்பினரும் நுகர்வோரே என்று உச்சநீதிமன்றம் 1999 டிசம்பரில் சிவகுமார் ஜோஷி வழக்கில் தீர்ப்பளித்திருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, முதலில் இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்தோம்.

ஒன்று, மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் என்னும் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் புதிதாகப் புகார் பதிந்தது. அங்கும் முதல் பதில் ஏறக்குறைய அதேபோலத்தான் இருந்தது. ஆனால் அங்கே புகாரை முடித்துவைத்த பிறகு, அதே எண்ணில், மேல்நிலை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் தருகிறார்கள். கண்ணீர்க் கதை எதுவும் எழுதாமல், 16ஆம் பத்தி, 73ஆம் பிரிவு, இ.எஸ்.ஐ. பட்டியல் ஆகிய மூன்றை மட்டும் வரிசையாகச் சொல்லி, 2022 ஜனவரியில் பணி முடிந்தது என்பதற்கு அலுவலகத்திடம் உள்ள ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தோம்.

இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். மறுப்புக்கு அடிப்படையான பத்தி எது, கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளின் நகல், ராஜினாமாக் கடிதமோ கணக்கு முடித்த ஆவணமோ அலுவலகத்தில் உள்ளதா என்று மட்டும் கேட்டோம். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிக்க இடமுண்டு. ஆவணம் இருக்கிறதா என்று கேட்டால் உண்டு, இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். விலகிய தேதி முதலாளி இணையத்தில் பதிந்தது, ராஜினாமாக் கடிதம் எதுவும் அலுவலகத்தில் இல்லை என்று பதில் வந்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மாதந்தோறும் 27ஆம் தேதி பி.எஃப். அலுவலகங்கள் நடத்தும் ‘நிதி ஆப்கே நிகட்’ குறைதீர்ப்பு முகாமுக்கு அந்தப் பதிலையும் மற்ற தாள்களையும் எடுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த உதவி ஆணையர் கன்னடத்திலும் கொஞ்சம் தமிழிலுமாகப் பேசினார். முந்தைய படிவங்களைப் புரட்டாமல் இ.எஸ்.ஐ. பட்டியலைத்தான் முதலில் கேட்டார். சி.பி.கிராம்ஸ் மேல்முறையீடும் அதற்குள் அவருடைய மேசைக்கு வந்திருந்தது. விலகிய நாளை இறந்த நாளாகத் திருத்தி, காரணத்தைப் பணியில் மரணம் என்று மாற்ற உத்தரவிட்டார். இடையில் பெயர் பொருந்தவில்லை என்று ஒரு தடங்கல் வந்தது. ஆதாரில் முன்னெழுத்தோடும் பி.எஃப். கணக்கில் தந்தை பெயரோடும் இருப்பது நம்மவர் பலருக்கும் உள்ள சிக்கல்தான். உறுதிமொழிப் பத்திரம் ஒன்றோடு அது தீர்ந்தது.

ஓய்வூதியம் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து கணக்கிடப்பட்டு, நிலுவையோடு வந்தது. கணவர் பணியில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்கான தொகையைச் சம்பளத்தை ஒட்டிய தனி அட்டவணையோடும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்; அக்காவுக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு அதில் 25 சதவீதம் வீதம், ஒரே நேரத்தில் இருவருக்கு, 25 வயது வரை.

இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் மட்டும் எங்களுக்கு மனக்குறை உண்டு. இறப்பதற்கு முந்தைய 12 மாதச் சம்பளத்தின் சராசரியை 35ஆல் பெருக்கி, பி.எஃப். கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதியையும் ஒரு வரம்புக்கு உட்பட்டுச் சேர்த்துத்தான் தொகையைக் கணக்கிடுகிறார்கள். அதிகபட்சம் 7 லட்சம். படுக்கையில் கிடந்த மாதங்களில் சம்பளம் சுழி என்பதால் சராசரி அடிமட்டத்துக்குப் போய்விட்டது. குறைந்தபட்சத் தொகையான இரண்டரை லட்சம்தான் கிடைத்தது. நீண்ட நோயில் இறந்தவரின் குடும்பத்துக்குத் திடீரென்று இறந்தவரின் குடும்பத்தைவிடக் குறைவாகக் கொடுக்கும் இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அது திட்டத்திலேயே உள்ள விதி என்பதால் மேல்முறையீடு செய்வதில் பயன் இல்லை என்று விட்டுவிட்டோம்.

அக்காவுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவளுக்கு 25 வயது முடிந்ததும் அவளுடைய பங்கு நின்று, அந்த இடம் கடைசிப் பையனுக்கு வர வேண்டும். அதற்காக அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் ஒரே பெயரில், ஒரே எழுத்தில் இப்போதே திருத்தி வைத்திருக்கிறோம். ஓய்வூதிய ஆணையிலும் அவன் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டோம்.