கழுகுமலை: மேலே ஏறாமல் திரும்பாதீர்கள்

கழுகுமலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ போய்விடுகிறார்கள். இரண்டு ஊரிலிருந்தும் சுமார் 20 கிலோமீட்டர்தான். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மலையில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே காலமெல்லாம் வந்துபோகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மொட்டை போட, காது குத்த, பங்குனி உத்திரத்துக்கு என்று வருவோம். மலைக்கு யாரும் கூட்டிப்போனதில்லை. போன தை மாதம் அம்மாவும் பெரியப்பாவும் நானுமாகப் போனபோதுதான் மேலே ஏறினோம்.

பெரியப்பா கல்வேலை செய்தவர். அம்மி, ஆட்டுக்கல், வாசல்படி, நிலைக்கல் என்று சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத தெரு குறைவு. மின்சார கிரைண்டர் வந்த பிறகு வீடு வீடாகப் போய் கிரைண்டர் கல் கொத்திக் கொடுத்தார். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லைப் பார்த்தாலும் முதலில் விரல் நுனியால் தடவித்தான் பார்ப்பார். அவர் கூட இருந்ததால்தான் அந்த மலையை என்னால் பார்க்க முடிந்தது என்று சொல்வேன்.

முதலில் முருகன். கழுகாசலமூர்த்தி கோயிலின் கருவறையே மலையைக் குடைந்த குகைதான். தனியாக விமானம் கிடையாது, மலையே விமானம். கருவறையை மட்டும் சுற்றிவர வழி இல்லை. சுற்ற வேண்டுமென்றால் மலையைத்தான் சுற்ற வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறார்கள். மேற்குப் பார்த்த முருகன், ஒரு முகம், ஆறு கை. மற்ற கோயில்களில் மயில் முருகனின் வலப்பக்கம் முகம் வைத்திருக்கும், இங்கே இடப்பக்கம் திரும்பியிருக்கும். இந்த மயில் இந்திரன் என்று சொல்வார்கள். தென்மாவட்டத்து ஜனங்களுக்கு இந்த முருகன் காவடிச்சிந்து முருகனும்கூட. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது இவர்மேல்தான். இன்றைக்கும் காவடி எடுத்து வருகிறவர்கள் வாயில் அந்த மெட்டு இருக்கிறது.

ஊருக்குப் பெயர் வந்த கதை ஜடாயுவின் அண்ணன் சம்பாதியுடையது. சீதையைத் தூக்கிக்கொண்டு போன ராவணனை மறித்துச் சண்டை போட்டு ஜடாயு இறந்துபோகிறான். அவனுக்கு ஈமக்கடன் செய்தது ராமன். எங்கேயோ சிறகு கருகிக் கிடந்த சம்பாதிக்கு விஷயம் பின்னால்தான் தெரியவருகிறது. கூடப்பிறந்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போயிற்றே என்று அவன் புலம்ப, ஆம்பல் நதியில் குளித்து இந்த மலையில் இருக்கும் முருகனை வழிபட்டால் அந்தக் குறை தீரும் என்று ராமன் வழி சொல்கிறான். கழுகு வந்து கும்பிட்ட மலை, கழுகுமலை.

சின்ன வயதில் இதை வெறும் கழுகுக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். 2020 ஊரடங்கில் மும்பையில் என் மாமா இறந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. ரயில் இல்லை, வண்டிக்கு அனுமதி வாங்க முடியவில்லை. அங்கே யார் யாரோ சேர்ந்து காரியத்தை முடித்தார்கள். அம்மா ஃபோனில்கூட முகம் பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பஸ் ஓட ஆரம்பித்ததும் அவள் முதலில் போகக் கேட்ட ஊர் கழுகுமலை. "அந்தக் கழுகுக்குத் தீத்து வச்ச சாமிதானே" என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. புராணம் என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற கதை ஒரு மனுஷிக்கு எந்த நேரத்தில் கை கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து தை மாதம் அவளுக்குக் கழுகுமலை மாதம்.

சரி, இப்போது மலைக்கு வருகிறேன்.

மலையில் இருக்கிற பாறைக் கோயிலுக்கு வெட்டுவான் கோயில் என்று பெயர். அங்கே போகப் படி இருக்கிறது, கஷ்டமான ஏற்றம் இல்லை. பெரியப்பா ரெண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். முதலில் கோயில் கண்ணில் படாது, வெறும் பாறைதான். அப்புறம் பக்கத்தில் போய் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் விமானம் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. கிணறு வெட்டும்போது நடுவில் ஒரு துண்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டியதுபோல, மலைச்சரிவை மூன்று பக்கமும் வெட்டி, நடுவில் நின்ற பாறையையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். வெட்டிய ஆழம் சுமார் ஏழரை மீட்டர். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. எல்லோரா கைலாசநாதர் கோயிலும் ஏறக்குறைய அதே காலத்தில், அதே முறையில், மேலிருந்து கீழே குடைந்ததுதான். அது ராஷ்டிரகூடர் செய்த பிரம்மாண்டம், இது அளவில் சின்னது. ஆனால் சின்னது என்பதால் ஒவ்வொரு முகத்தையும் கிட்டத்தில் பார்க்க முடிகிறது.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "மேலேருந்து கீழ வந்திருக்கான் தாயி. அவனுக்குச் சாரமே வேண்டாம். வெட்டாத கல்லுதான் சாரம். அதுமேல நின்னு இந்த வரிசைய முடிச்சிட்டு, அந்தச் சாரத்தையே அடுத்த வரிசையா வெட்டியிருக்கான்."

அதைக் கேட்ட பிறகு கோயில் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மேலே சிகரம் எட்டுப்பட்டையாக, அதன் மடிப்பும், கூடு என்கிற வளைவு மாடமும், கொடிவேலைப்பாடும் சுத்தமாக முடிந்திருக்கின்றன. மூலைக்கு ஒன்றாக நந்தி. அதற்குக் கீழே பூதகணங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சேட்டையில். உமையோடு பேசிக்கொண்டிருக்கும் சிவன், திருமால், பிரம்மா எல்லாம் நகை, உடை மடிப்பு, இமை வரைக்கும் முடித்து வைத்திருக்கிறது. கண்ணைக் கீழே இறக்கினால் அடிப்பாகம் மொட்டைப் பாறை. தூண் வர வேண்டிய இடத்தில் தூண் இல்லை, அடித்தளம் இல்லை. உளி கொத்திய புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

தெற்குப் பக்கத்துத் தட்சிணாமூர்த்திக்காக மட்டுமே இன்னொரு தடவை வரலாம். தட்சிணாமூர்த்தி என்றால் ஆலமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்து சின்முத்திரை காட்டுகிறவர்தானே? இங்கே அவர் மிருதங்கம் வாசிக்கிறார். மௌனகுருவின் கையில் தாளத்தைக் கொடுத்த சிற்பி யாரோ! தலையைக் கொஞ்சம் சாய்த்து, தன் வாசிப்பைத் தானே ரசிக்கிற முகம் அது. அந்த முகத்தை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. பெரியப்பா சிலையின் விரல்களைக் காட்டினார். "ஒரு விரல் உடைஞ்சா போச்சு. கட்டடம்னா வேற கல்லு வாங்கி வைக்கலாம். இதுக்கு எங்க போவான்? மலையைல்லா மாத்தணும்."

இது பாதியில் நின்றதற்கு எங்கள் பக்கம் சொல்கிற கதை இது. பாண்டிய நாட்டில் ஒரு பெரிய சிற்பி. திருவிழாக் கூட்டத்தில் தன் சின்ன மகனைத் தொலைத்துவிடுகிறான். தேடி அலுத்து இந்த மலைக்கு வந்து, இங்கிருந்த சமணத் துறவிகள் கேட்டுக்கொண்டபடி உச்சிப் பாறையில் அவர்களுடைய குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்களைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். வருஷங்கள் போகின்றன. ஒரு இளைஞன் வந்து மலையின் கீழ்ச்சரிவில் சிவன் கோயில் ஒன்றை வெட்ட ஆரம்பிக்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் கீழே இருப்பவன் வேலைதான் வேலை என்கிறார்கள். நாளெல்லாம் கீழேயிருந்து உளிச்சத்தம். பெரியவருக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த உளியைச் சத்தம் வந்த திசையில் வீசுகிறான். "ஐயோ, அப்பா!" என்று அலறல். ஓடி வந்து மடியில் எடுத்துப் பார்த்தால், தொலைந்த மகன். கோயில் அதோடு நின்றது.

இதைப் பெரியப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோயிலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்: "உளிச்சத்தத்த வச்சே யார் வேலைன்னு சொல்லிரலாம் தாயி. எங்க பட்டறைல கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இவனுக்கு மகன் சத்தம் தெரியல பாரு. கூட வச்சுக் கத்துக்கொடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கத்துக்கொடுக்கிறதுக்குள்ள தொலச்சிட்டான்."

அவர் மகன், என் அண்ணன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கல்வேலை தன்னோடு போகட்டும் என்று அவனைப் பட்டறைப் பக்கமே விடாதவர் பெரியப்பாதான். தூசியும் இருமலும் மகனுக்கு வேண்டாம் என்று நினைத்தார், அது நியாயம்தான். அந்தக் கதையை அவர் சொன்ன விதத்தில் அண்ணனும் இருந்தான் என்றே எனக்குப் பட்டது.

பாதியில் நிற்கிற கோயில் இது ஒன்றுதான் என்றில்லை. மாமல்லபுரத்து ரதங்களிலும் முடியாதவை இருக்கின்றன. ராஜா மாறியிருக்கலாம், பணம் நின்றிருக்கலாம், சண்டைக்கு ஆள் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு நன்றாக வந்த ஒரு வேலை காசு இல்லாமல் நின்றது என்பதை இந்த ஊர் ஏற்கவில்லை. ஒரு சாவு விழுந்தால்தான் இது நின்றிருக்கும் என்று முடிவு செய்து, அதற்கு ஒரு தகப்பனையும் மகனையும் கொடுத்திருக்கிறது. கீழே தம்பியை இழந்த கழுகு, மேலே மகனைக் கொன்ற சிற்பி. ஒரே மலையில் இரண்டு கதை, இரண்டுமே ஒரு வீட்டுக்குள் விழுந்த சாவு.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இன்னொன்று உண்டு. மேலே சமணம், கீழே சிவன். செய்தவர்கள் அப்பாவும் பிள்ளையும். இரண்டு சமயத்துக்கும் நடந்த வாதும் பகையும் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். ஊர் ஜனங்கள் வாய்வழியே கொண்டுவந்த கதை இரண்டையும் ஒரே குடும்பத்து உளியில் வைக்கிறது.

வெட்டுவான் கோயில் கருவறைக்குள் இப்போது ஒரு பிள்ளையார் இருக்கிறார், பின்னால் வைத்தது. அம்மா அவருக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க" என்று பெரியப்பாவோடு அங்கேயே இருந்துகொண்டாள். நான் மட்டும் உச்சிக்குப் போனேன்.

அய்யனார் கோயில் பக்கத்தில் நீளமாக ஓடும் பாறை முகம் முழுக்கச் சமணச் சிற்பங்கள். ஏறக்குறைய 150 உருவங்கள், வரிசை வரிசையாக. ஐந்து தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், காலில் கொடி படர்ந்தும் அசையாத பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா என்கிற இயக்கி (சமணத்தின் பெண் காவல் தெய்வம்) இவையெல்லாம் பெரிது. மற்றவை சின்னச் சின்ன மாடங்களில் ஒரே மாதிரி அமர்ந்திருக்கும் உருவங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. இன்னார், இந்த ஊர், இவருக்காகச் செய்தது என்று கொடுத்தவர்களின் பெயர். பாண்டிய ராஜா பராந்தக நெடுஞ்சடையன் காலத்துக் கல்வெட்டும் இந்த மலையில் உண்டு, ஆனால் என்னை நிறுத்தியது ராஜா இல்லை. குரத்தியர் என்று பெண் ஆசிரியர்கள் இந்தக் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அவர்களில் திருச்சாரணத்துக் குரத்தியரும் உண்டு. திருச்சாரணம் என்றால் கன்னியாகுமரிப் பக்கத்துச் சிதறால் மலை. அங்கிருந்து இங்கே வரை ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் சமயம் சொல்லிக்கொடுத்த பெண்களின் பெயர் இந்தப் பாறையில் இருக்கிறது. பெண் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் இதை அவர்களுக்குக் காட்டுங்கள், தயவுசெய்து.

அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் காலத்துக் காதலர்கள் கம்பியால் கீறிய பெயர்களும் கிடக்கின்றன. தொல்லியல் துறை வேலி போட்டு, பலகை வைத்திருக்கிறது. வேலி ஒவ்வொரு கையையும் பிடிக்குமா? கூட வருகிறவர்கள்தான் பிடிக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலையில் முதல் வேலையாக மலைக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும், மேலே தண்ணீர் வாங்கக் கடை கிடையாது, கையில் கொண்டுபோக வேண்டும். வெட்டுவான் கோயிலை முதலில் மேல் விளிம்பிலிருந்து பாருங்கள், அப்புறம் கீழே இறங்கிச் சுற்றி வாருங்கள். செதுக்கியவர்கள் வந்த வழி அதுதான். வயசானவர்களை வெட்டுவான் கோயில் வரை தைரியமாகக் கூட்டிப்போகலாம், உச்சிக்கு வேண்டாம். இறங்கி வந்து நடை சாத்துவதற்குள் முருகனைப் பார்க்க நேரம் தாராளமாக இருக்கும். பங்குனி உத்திரத்துக்கு வந்தால் தேர் பார்க்கலாம், ஆனால் அந்தக் கூட்டத்தில் சிற்பம் பார்ப்பது நடக்காது. அதற்கு வேறு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை லீவில் அண்ணன் ஊருக்கு வருகிறான். பெரியப்பா அவனைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை ஏற வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.